சோபா செட் வந்தாச்சு... தாழ்ப்பாள் எங்கே?

ஒரே ஒரு ஆளை வாங்க ஆயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்!

பதறாதீர்கள்... இது அரசியல் சமாசாரம் இல்லை, ஃபுட்பால் சமாசாரம்! 2025 செப்டம்பர் 1-ம் தேதி, இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப், நியூகாஸில் கிளப்பிலிருந்து அலெக்ஸாண்டர் இசாக் என்கிற ஸ்வீடன்காரரை வாங்கியது. விலை 125 மில்லியன் பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்ம ஊர்க் கணக்குக்கு ஏறத்தாழ 1,500 கோடி. எந்த பிரிட்டிஷ் கிளப்பும் அதுவரை ஒரு ஆட்டக்காரருக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்ததில்லை.

சரி, அதோடு நிறுத்தினார்களா? அதுதான் இல்லை. அதே கோடையில் ஜெர்மனியிலிருந்து ஒருவருக்கு நூறு மில்லியன், பிரான்ஸ்காரர் ஒருவருக்கு எழுபதை ஒட்டி, ஹங்கேரிப் பையனுக்கு நாற்பது... மொத்த பில் 400 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. வாங்கியவர்கள் யார்? அதற்கு நாலு மாசம் முன்னால்தான் பிரீமியர் லீக் சாம்பியன் ஆனவர்கள்!

சாம்பியன் அணி, மேலே நானூறு மில்லியனுக்குப் புதுச் சரக்கு. எதிரிகள் நடுங்கியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது என்ன தெரியுமோ? செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் கடைசிக்குள் ஆடிய 12 மேட்ச்சில் 9 தோல்வி!

‘பணத்தைக் கொட்டியும் ஏன் இந்த அடி?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பதில் ரொம்ப சிம்பிள். ஹாலுக்கு சோபா செட் வாங்கினார்கள். தொங்கும் விளக்கு வாங்கினார்கள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க மட்டும் கடைசி நாள் சாயங்காலம் கடைக்கு ஓடினார்கள். கடை சாத்தியாகிவிட்டது!

இதில் வேடிக்கை என்னவென்றால், தாழ்ப்பாளின் அருமை இந்தக் கிளப்புக்குத் தெரியாததல்ல. அதை வாங்கித்தான் முன்னொரு தடவை கோப்பையே ஜெயித்தார்கள். அதை மறந்துதான் இன்னொரு தடவை நொந்தும் போனார்கள். அந்தக் கதையையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 2025-ல் வந்த புது ஆட்களுக்கு மார்க் போடுவோம்.

சந்தை எப்படி நடக்கிறது?

முதலில் இந்தச் சந்தையின் சட்டதிட்டம். நினைத்த நேரத்தில் ஆட்டக்காரரை வாங்கவோ விற்கவோ முடியாது. கோடையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை, கதவு திறக்கும். அதற்குள் பேரம், டாக்டர் பரிசோதனை, கையெழுத்து எல்லாம் முடிய வேண்டும். கடைசி நாளில் தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டம், குழப்பம், தள்ளுமுள்ளு!

விலை என்பது ஆட்டக்காரருக்குப் போகும் பணமல்ல. அவரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் கிளப்புக்கு, ‘மிச்ச வருஷத்துக்கு எங்களிடம் விடுங்கள்’ என்று கொடுக்கிற நஷ்டஈடு. சம்பளம் தனி. ஒப்பந்தம் முடிந்துபோனவரை யார் வேண்டுமானாலும் காலணா தராமல் கூட்டிப் போகலாம். அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒரே வருஷம் மிச்சம் என்றால், கிளப்புகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கணக்குப் புத்தகத்தில் இன்னொரு சூட்சுமம். 100 மில்லியனுக்கு வாங்கி ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டால், வருஷத்துக்கு 20 மில்லியன்தான் செலவு என்று எழுதலாம். ஆனால், கிளப்பிலேயே சின்னப் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவருக்கு வாங்கிய விலை பூஜ்யம். அவரை விற்றால் வருவதெல்லாம் சுத்த லாபம். மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற விதி அங்கே இருந்தது. மீறியதற்காக எவர்ட்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டுக்கும் 2023-24 சீஸனில் பாயிண்ட்டையே வெட்டினார்கள். அதனால் வீட்டுப் பிள்ளையை விற்றுவிட்டு, வெளியூர்ப் பிள்ளையை வாங்குகிற விசித்திரம் அங்கே சகஜம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... பின்னால் தேவைப்படும்.

ஒரே நாள்... மூன்று ஜாதகம்!

2011 ஜனவரி 31. லிவர்பூலின் செல்லப்பிள்ளை ஃபெர்னாண்டோ டோரஸ், ‘நான் செல்ஸிக்குப் போகிறேன்’ என்று கிளம்பிவிட்டார். 50 மில்லியன் பவுண்டு கைக்கு வந்தது. ரசிகர்கள் கொதிக்கிறார்கள். கதவு மூட இன்னும் சில மணி நேரம். கையில் பணம், மனசில் பதற்றம். இப்படிப்பட்ட ஆசாமி கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்தானே?

நியூகாஸிலின் ஆண்டி கேரோல் என்ற நெடுநெடு இளைஞருக்கு 35 மில்லியனைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதே நாளில், ஹாலந்தின் அயாக்ஸ் கிளப்பிலிருந்து லூயி ஸ்வாரெஸ் சுமார் 23 மில்லியனுக்கு வந்து சேர்ந்தார். இவர் விஷயத்தில் மட்டும் முன்பே பேச்சு நடந்திருந்தது.

முடிவு? கேரோல் லிவர்பூலுக்காக லீகில் 44 மேட்ச் ஆடி 6 கோல். டோரஸ் செல்ஸிக்காக லீகில் 110 மேட்ச் ஆடி 20 கோல். ஸ்வாரெஸும் லிவர்பூலுக்காக லீகில் அதே 110 மேட்ச்தான் ஆடினார். கோல்? 69!

அன்றைய தேதியில் விலைப்பட்டியலில் டோரஸ் முதல், கேரோல் இரண்டு, ஸ்வாரெஸ் கடைசி. கோல் பட்டியலிலோ அந்தக் கடைசி ஆள் ஸ்வாரெஸ்தான் முதல்! அவசரத்தில் வாங்கியதற்கும் ஆற அமர விசாரித்து வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இயற்பியல் டாக்டர் பார்த்த பொருத்தம்!

இந்தச் சூட்டுக்குப் பிறகு கிளப் ஒரு காரியம் செய்தது. 2012-ல் இயன் கிரஹாம் என்பவரை வேலைக்கு எடுத்தது. இவர் கோச் இல்லை, முன்னாள் ஆட்டக்காரரும் இல்லை. கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்! ஒரு ஆட்டக்காரர் காலில் பந்து வந்தபின் அணி கோல் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று ஒவ்வொரு உதைக்கும் கணக்குப் போடுவது அவர் வேலை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 2014-ல் ஸ்வாரெஸை பார்சிலோனாவுக்கு விற்ற பணத்தில் மாரியோ பாலோட்டெல்லியை வாங்கினார்கள். அந்த சீஸனில் லீகில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல்! ஆனாலும், மெள்ள மெள்ளக் கணக்குக்கு மரியாதை வந்தது.

2017 கோடையில் அது பளிச்சென்று தெரிந்தது. மேனேஜர் யூர்கன் க்ளாப் மனசில் முதலில் இருந்தது யூலியன் பிராண்ட் என்ற ஜெர்மன் இளைஞர். (அங்கே கோச்சைத்தான் மேனேஜர் என்பார்கள்.) வீரர்களைத் தேடும் குழுவோ முகமது சாலா, முகமது சாலா என்று விடாமல் நச்சரித்தது. சாலாவா? 2014-ல் செல்ஸிக்கு வந்து, லீகில் பதின்மூன்று மேட்ச் ஆடி, ‘இங்கிலாந்துக்கு ஒத்துவராத ஆள்’ என்று பேர் வாங்கிப் போனவராயிற்றே! கணக்கு வேறு சொன்னது. சுமார் 37 மில்லியனுக்கு ரோமாவிலிருந்து வந்தார். முதல் சீஸனிலேயே லீகில் 32 கோல்!

அதே கோடையில், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன ஹல் சிட்டியிலிருந்து 8 மில்லியனுக்கு ஆண்டி ராபர்ட்ஸன் வந்தார். உயரம் போதாது என்று சின்ன வயசில் செல்ட்டிக் கிளப் கழித்துவிட்ட பையன். ஸ்காட்லாந்தில் சம்பளமில்லாத அமெச்சூர் அணியில் ஆடிக்கொண்டே, ஹேம்டன் பார்க் ஸ்டேடியத்தில் டிக்கெட் புக்கிங்குக்கு போன் எடுத்தவர். அவர்தான் பின்னால் லெஃப்ட் பேக் இடத்தை வருஷக்கணக்கில் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்.

காத்திருந்து வாங்கிய கதவு!

இனிதான் தாழ்ப்பாள் விஷயத்துக்கு வருகிறோம்.

2017-ல் லிவர்பூல் நாலு கோல் அடிக்கும். மூன்று கோல் வாங்கும். பார்க்கிறவர்களுக்குக் குஷி, ரசிகர்களுக்கு ரத்தக் கொதிப்பு! நடுவில் நிற்க ஒரு நல்ல சென்டர் பேக் தேவை. க்ளாப் கண் வைத்தது சவுத்தாம்ப்டனின் வர்ஜில் வான் டைக் மீது.

பெண் வீட்டாரைக் கேட்காமல் பெண்ணிடமே பேசினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஆட்டக்காரரை முறையில்லாமல் அணுகினார்கள் என்று சவுத்தாம்ப்டன் பிரீமியர் லீகிடம் புகார் கொடுத்தது. 2017 ஜூனில் லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டது.

சாதாரணமாக மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ‘அது போனால் இது’ என்று இரண்டாந்தரமாக ஒருவரை வாங்கிப் போடுவார்கள். லிவர்பூல் அப்படிச் செய்யவில்லை. ஆறு மாசம் ஓட்டைக் கதவோடு காலம் தள்ளிவிட்டு, டிசம்பரில் மறுபடி போய், 75 மில்லியன் கொடுத்து வான் டைக்கையே அழைத்து வந்தது. ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ‘தடுப்பதற்கா இத்தனை காசு?’ என்று வாயைப் பிளந்தார்கள். 2018 ஜனவரி 5-ம் தேதி, முதல் மேட்ச்சிலேயே பக்கத்து வீட்டு எவர்ட்டனுக்கு எதிராகத் தலையால் முட்டி வெற்றி கோல் போட்டார். பிளந்த வாய்கள் மூடிக்கொண்டன!

அதே ஜனவரியில் ஃபிலிப்பே கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றார்கள். 2013-ல் எட்டரை மில்லியனுக்கு வாங்கியவர். விற்றது, பிற்பாடு வர வேண்டிய தொகையெல்லாம் சேர்த்து 142 மில்லியன் வரை! நடிகர் திலகத்தை விற்றுவிட்டார்களே என்று அழுத ரசிகர்கள் உண்டு.

ஆனாலும் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. 2018 மே 26, கீவ் நகரில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ் பந்தை உருட்டிவிடப் போக, பென்ஸெமா காலை நீட்டினார்... கோல்! அப்புறம் பேல் தூரத்திலிருந்து அடித்ததைக் கையில் வாங்கி உள்ளே நழுவ விட்டார். 3-1 தோல்வி. கண்ணீரோடு ரசிகர்களைப் பார்த்துக் கை கூப்பினார் கேரியஸ். அந்த மேட்ச்சில் தலையில் பட்ட அடியால் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று அமெரிக்க டாக்டர்கள் பின்னால் சொன்னார்கள். பாவம், அது தெரிவதற்குள் உலகமே திட்டித் தீர்த்துவிட்டது.

இரண்டு மாசத்துக்குள் ரோமாவிலிருந்து அலிஸன் பெக்கர் வந்தார். கோல்கீப்பருக்கு அதுவரை இல்லாத விலை, சுமார் 65 மில்லியன். முந்தைய சீஸனில் லீகில் 38 கோல் வாங்கிய அணி, இப்போது வாங்கியது 22. லீகில் 97 பாயிண்ட், ஒரே ஒரு பாயிண்ட்டில் இரண்டாமிடம். 2019 ஜூன் 1-ம் தேதி மாட்ரிட் நகரில் டாட்டன்ஹாமை 2-0 என்று ஜெயித்து ஐரோப்பியக் கோப்பை. அடுத்த சீஸனில் 99 பாயிண்ட்டோடு, 30 வருஷம் காத்திருந்த லீக் பட்டம்!

கூட்டின்யோ என்ற அலங்கார விளக்கை விற்று, ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் வாங்கினார்கள். வீடு கோட்டையாகிவிட்டது. இவ்வளவுதான் ரகசியம்.

ஆனால்... மறந்தார்களே!

2020 கோடை. சாம்பியன்கள். டேஜான் லோவ்ரன் என்ற சென்டர் பேக்கை ரஷ்யாவுக்கு விற்றார்கள். மாற்று ஆள்? வாங்கவில்லை. வான் டைக், ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப் என்று மூன்று பேர் இருக்கிறார்களே, போதாதா?

அக்டோபர் 17-ம் தேதி எவர்ட்டனுக்கு எதிரான மேட்ச்சில் வான் டைக்கின் முழங்கால் போச்சு. நவம்பரில் கோமஸின் முழங்கால். ஜனவரிக் கடைசியில் மாட்டிப்பின் கணுக்கால். மூவரும் அந்த சீஸன் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கம்! நடுக்களத்தில் ஆட வேண்டிய ஃபபின்யோவும் ஹெண்டர்ஸனும் பின்னால் போய் நின்றார்கள். பின்னாலும் ஓட்டை, நடுவிலும் ஓட்டை.

பிப்ரவரி முதல் தேதி, கதவு மூடுகிற அன்றைக்கு, இரண்டாம் டிவிஷன் பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸை அவசர அவசரமாக வாங்கினார்கள். அவர் லிவர்பூலுக்காக ஒரு போட்டி மேட்ச்கூட ஆடாமலே பிறகு வேறு கிளப்புக்குப் போய்விட்டார்! 68 லீக் மேட்ச்சாகச் சொந்த மைதானத்தில் தோற்காத அணி, அந்த 2021-ல் அதே மைதானத்தில் வரிசையாக ஆறு லீக் மேட்ச் தோற்றது. கிளப்பின் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை.

கடைசியில் எப்படியோ மூன்றாமிடம் பிடித்தார்கள். அதற்கே வெஸ்ட் பிராம் மேட்ச்சில் கடைசி நிமிஷத்தில் கோல்கீப்பர் அலிஸன் எதிர் முனைக்கு ஓடிப்போய்த் தலையால் முட்டி கோல் அடிக்க வேண்டியிருந்தது! தாழ்ப்பாளே எழுந்துபோய்த் திருடனைப் பிடித்த மாதிரி!

கையில் வெண்ணெய்

இடையில் ஒரு நல்ல பாடமும் உண்டு. 2023-ல் நடுக்களம் வயசாகிவிட்டது. பிரைட்டனின் கைஸெடோவுக்கு 111 மில்லியன் தருகிறோம் என்றார்கள். அவரோ செல்ஸிக்குத்தான் போவேன் என்று போய்விட்டார். சவுத்தாம்ப்டனின் லாவியாவும் அப்படியே. ஊரே சிரித்தது. அடுத்த வருஷம் ஸ்பெயினின் ஸூபிமெண்டி, ‘சொந்த ஊரை விட்டு வரமாட்டேன்’ என்று மறுத்தார்.

புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட் வேறு யாரையும் தேடவில்லை. ரயன் கிராவன்பெர்ஹ் என்று ஒருவர் 2023-ல் கடைசி நாளில் 34 மில்லியனுக்கு வாங்கப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை இழுத்து நடுவில் நிறுத்தினார். 2024-25 சீஸனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் அவரே! அந்தக் கோடை முழுவதும் லிவர்பூல் வாங்கி உடனே களத்தில் இறக்கக் கூட்டிவந்தது கியேஸா என்ற ஒரே ஒருவரை, பத்து மில்லியன் சொச்சத்துக்கு. 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று இருபதாவது லீக் பட்டம்! வெண்ணெய் கையிலேயே இருந்திருக்கிறது.

மார்க் ஷீட்... 2025 டிசம்பர் வரை!

இந்தக் கிளப்தான் அடுத்த கோடையில் மொத்தக் கடையையும் விலை பேசியது. இதோ மார்க், பத்துக்கு:

ஊகோ எகிட்டிகே: ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து 69 மில்லியன், மேலே 10 வரை. வருஷம் முடிந்தபோது அந்த சீஸனில் அணிக்கு அதிக கோல் அடித்திருந்தவர் இவர்தான். ஒரே குறை... செப்டம்பர் 23-ல் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக வெற்றி கோல் அடித்த சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார் என்பது மறந்துபோச்சு! ரெஃப்ரி இரண்டாவது மஞ்சளைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். மார்க் 8. சட்டைக்காக ஒன்று குறைத்து 7.

ஃப்ளோரியன் வியர்ட்ஸ்: லெவர்குஸனிலிருந்து 100 மில்லியன், மேலே 16 வரை. பந்தைத் தொடும்போதே தரம் தெரிகிறது. ஆனால், இங்கிலாந்து ஆட்டத்தின் இடி, தள்ளு பழக மாசங்கள் ஆயின. முதல் கோல் வந்தது டிசம்பர் 27-ல்! மார்க் 6.

அலெக்ஸாண்டர் இசாக்: 125 மில்லியன். விற்கச் சொல்லி நியூகாஸிலோடு மல்லுக்கட்டி, கோடை முழுக்க அணியோடு சேராமல் இருந்தவர். வந்தபோது உடம்பு தயாரில்லை. லீகில் முதல் கோலுக்கு நவம்பர் 30 வரை காத்திருக்க நேர்ந்தது. டிசம்பர் 20-ல் டாட்டன்ஹாமுக்கு எதிராக அருமையாக ஒரு கோல் போட்டார்... அடித்த அதே நொடியில் தடுக்க வந்தவர் மேலே விழுந்து கால் எலும்பு முறிந்தது. கொண்டாடக்கூட முடியவில்லை. மார்க் 4. அனுதாபம் பத்து.

மிலோஷ் கெர்கெஸ்: போர்ன்மத்திலிருந்து 40 மில்லியன். லெஃப்ட் பேக். முன்னே ஓட வேகம் உண்டு. திரும்பி வரத்தான் நேரமாகிறது. மார்க் 5.

ஜெரமி ஃப்ரிம்பாங்: 29.5 மில்லியன். ரியல் மாட்ரிட்டுக்குப் போன டிரென்ட் அலெக்ஸாண்டர் - ஆர்னால்டின் இடத்துக்கு வந்தார். தொடைத் தசை இரண்டு முறை இழுத்துக்கொண்டது. அந்த இடத்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஸோபோஸ்லாய் நின்று சமாளித்தார். சமாளித்ததோடு நில்லாமல், ஆர்ஸனலுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் வெற்றி கோலும் அடித்தார்! ஃப்ரிம்பாங்குக்கு மார்க் 4.

கியோர்கி மமர்தாஷ்விலி: 2024-லேயே பேசி முடித்து, 2025-ல் வந்த ஜார்ஜியக் கோல்கீப்பர். அலிஸனுக்குத் தசைப்பிடிப்பு வந்தபோது நின்றார். மார்க் 6.

ஜோவானி லியோனி: பார்மாவிலிருந்து 26 மில்லியன். சென்டர் பேக். வயசு 18. எகிட்டிகே சட்டையைக் கழற்றிய அதே ராத்திரிதான் இவருக்கு முதல் மேட்ச். அபாரமாக ஆடிக்கொண்டிருந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சீஸன் முடிந்தது. மார்க் கிடையாது... பரீட்சை ஹாலிலிருந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டு போய்விட்டார்கள்.

பட்டியலைப் பார்த்தீர்களா? ஏழு பேரில் சென்டர் பேக் ஒரே ஒரு ஆள். அதுவும் பதினெட்டு வயசுப் பையன்.

முப்பத்தைந்து மில்லியன் மிச்சம்!

இப்போது, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வாருங்கள். ஜாரெல் க்வான்ஸா என்று ஒரு சென்டர் பேக். கிளப்பிலேயே வளர்ந்த பையன். அவரை லெவர்குஸனுக்கு 30 மில்லியன், மேலே 5 வரை என்று விற்றார்கள். புத்தகத்தில் சுத்த லாபம்! களத்தில்? வான் டைக்குக்கு வயசு 34. கோனாட்டேயின் ஒப்பந்தத்தில் ஒரே வருஷம் மிச்சம். கோமஸுக்கு அடிக்கடி காயம். 2020-ன் அதே படம், புது நடிகர்களோடு!

தெரியாமல் இல்லை. கிரிஸ்டல் பேலஸின் மார்க் குவேஹியை வாங்கத் திட்டம் இருந்தது. கேப்டனாக நின்று 2025 மே மாசம் பேலஸுக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கித் தந்தவர். விலை 35 மில்லியன். இசாக்குக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், கடைசி நாள் வரை இழுத்தார்கள். செப்டம்பர் 1-ம் தேதி விலை படிந்து, டாக்டர் பரிசோதனை வரை போனபின், பேலஸ் பின்வாங்கிவிட்டது. ஏன்? அவர் இடத்துக்கு மாற்று ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணக்காரக் கிளப் மாற்று ஆள் இல்லாமலே தன் சென்டர் பேக்கை விற்றுவிட்டது. சின்னக் கிளப், மாற்று ஆள் கையில் வரும்வரை விற்கமாட்டேன் என்று 35 மில்லியனையும் வேண்டாமென்றது. யாருக்கு வீட்டுக் கணக்கு தெரிந்திருக்கிறது? அந்த சீஸனில் டிசம்பருக்குள் லிவர்பூலும் பேலஸும் மூன்று தடவை மோதின. கம்யூனிட்டி ஷீல்டில் பேலஸ் ஜெயித்தது. லீகில் பேலஸ் ஜெயித்தது. லீக் கோப்பையில் மூன்றுக்குப் பூஜ்யம்... பேலஸே ஜெயித்தது!

2026 ஜனவரியில் குவேஹி கிளம்பினார். போன இடம் மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூலின் பரம வைரி!

அந்த 12 மேட்ச்சில் சிட்டியிடம் 0-3, ஃபாரஸ்ட்டிடம் சொந்த மைதானத்தில் 0-3, ஹாலந்தின் பி.எஸ்.வி.யிடம் சொந்த மைதானத்தில் 1-4 என்று வரிசையாக மூன்று உதை வாங்கியதற்கு சென்டர் பேக் பஞ்சம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். ஒரே நேரத்தில் பாதி அணியை மாற்றினால் யாருக்கு யார் பந்து கொடுப்பது என்பதே பழகச் சில மாசம் ஆகும். லூயிஸ் டியாஸை பயர்னுக்கும் டார்வின் நூன்யெஸை சவூதிக்கும் விற்றாயிற்று. சாலாவுக்கு 33 வயசு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

விலை போட முடியாத இடம்

இதற்கெல்லாம் மேலே, எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்று உண்டு. 2025 ஜூலை 3-ம் தேதி, ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் லிவர்பூலின் முன்கள ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பியும் இறந்துபோனார்கள். ஜோட்டாவுக்கு வயசு 28. கல்யாணமாகிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

அவருடைய 20-ம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது. ஒவ்வொரு மேட்ச்சிலும் இருபதாவது நிமிஷத்தில் ரசிகர்கள் அவர் பெயரைப் பாடினார்கள். உடை மாற்றும் அறையில் தினம் பக்கத்தில் உட்கார்ந்தவன் இல்லை என்ற நினைப்போடு களத்தில் இறங்கியவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். மார்க் ஷீட் போடுகிற நாம் அதையும் மனசில் வைத்துத்தான் போட வேண்டும்.

டிசம்பர் 27-ல் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் உல்வ்ஸோடு மேட்ச். ஜோட்டா ஆடியிருந்த இரண்டு கிளப்புகள். அவருடைய இரண்டு குட்டிப் பையன்கள் ஆட்டக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். வியர்ட்ஸ் தன் முதல் கோலை அடித்தது அன்றைக்குத்தான். 2-1 என்று லிவர்பூல் ஜெயித்தது.

ஆகவே, ஷாப்பிங் லிஸ்ட்!

சரி, இப்படிப்பட்ட கிளப்புக்கு என்ன தேவை? நம் சிபாரிசு இதோ...

ஒன்று: சென்டர் பேக். ஒருவர் போதாது, இருவர். வான் டைக்கிடம் இரண்டு வருஷமாவது பக்கத்தில் நின்று பழகுகிற வயசில் ஒருவர். நாளைக்கே இறங்கி ஆடுகிற அனுபவத்தில் ஒருவர்.

இரண்டு: ரைட் பேக். நடுக்களத்து ஸோபோஸ்லாயைப் பின்னால் நிறுத்துவது, சமையல்காரரை வாட்ச்மேன் ஆக்குவது மாதிரி. வேலை நடக்கும்; சாப்பாடு கிடைக்காது!

மூன்று: சாலாவின் ஓரத்துக்கு ஒரு வாரிசு. அவரை மாதிரியே ஒருவர் என்று தேடினால் கிடைக்கமாட்டார். 2017-ல் செய்த மாதிரி, ஊர் ஒதுக்கிய ஒருவரைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கு: பொறுமை. இது சந்தையில் விற்பதில்லை. 2025 முடிவில் வியர்ட்ஸுக்கு வயசு 22, எகிட்டிகேவுக்கு 23, கெர்கெஸுக்கு 22, லியோனிக்கு 19. ராபர்ட்ஸன்கூட வந்த முதல் சில மாசம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை லிவர்பூல் ரசிகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்து: இதையெல்லாம் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்க் கேட்காமல் இருப்பது! 2011-ல் கேரோல், 2021-ல் டேவிஸ், 2025-ல் குவேஹி... கடைசி நாள் கடை லிவர்பூலுக்கு அவ்வளவாக ராசியில்லை. விதிவிலக்காகச் சொல்ல கிராவன்பெர்ஹ் உண்டு. அவரும் ஒரு வருஷம் கழித்துத்தான் பலித்தார்!

கோல் அடிப்பவருக்குப் போஸ்டர் ஒட்டுவார்கள், சட்டை விற்கும், கைதட்டல் கிடைக்கும். கோலைத் தடுப்பவருக்கு மறுநாள் பேப்பரில் பெயர்கூட வராது. அதனால்தான் எல்லாக் கிளப்பும் முதலில் ஸ்ட்ரைக்கர் கடைக்கே ஓடுகின்றன. 75 மில்லியனுக்கு வான் டைக், 65 மில்லியனுக்கு அலிஸன்... இரண்டும் சேர்ந்து 140 மில்லியன். அந்தப் பணத்தில் வந்தது ஒரு ஐரோப்பியக் கோப்பை, இரண்டு லீக் பட்டம்.

125 மில்லியன் இசாக் நாலு கோல் அடிக்கட்டும், சந்தோஷம். பின்னால் அஞ்சு கோல் வாங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா, சொல்லுங்கள்!